தொட்டியில் நலியும் எலுமிச்சை மரத்தை மீட்கும் முறை

தோட்டத்திலும் கிணற்றடியிலும் எலுமிச்சை பயிரிடுவோர் ஒருபுறமிருக்க, வீட்டு முற்றத்திலும் மெத்தைமாடியிலும் தொட்டிகளில் ஓரிரண்டு மரங்கள் வைத்து வளர்ப்போர் இக்காலத்தில் அநேகர். பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம், கிராம உத்தியோகஸ்தர்களின் அலுவலகம் முதலிய இடங்களின் வாயிலிலும் இவற்றைக் காணலாம். வைத்த முதல் இரண்டு வருஷங்கள் தளதளவென்று வளர்ந்து பூத்துக் காய்க்கும் இம்மரங்கள், மூன்றாம் அல்லது நான்காம் வருஷத்தில் காரணம் யாதென்று வெளியில் தெரியாமலே நலியத் தொடங்குகின்றன. இலைகள் சிறுத்து வெளுக்கின்றன. பூத்த பூ கொட்டிவிடுகிறது. நுனிக்கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து கீழ்நோக்கி வருகின்றன. உடையவர் கவலைப்பட்டு முதலில் செய்யும் காரியம் உரமிடுவது. இரண்டாவது, நீரை அதிகமாக ஊற்றுவது. இவ்விரண்டும் பெரும்பாலும் மரத்தின் முடிவை விரைவுபடுத்துகின்றன என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் தம் வீட்டுச் சிமிட்டித் தொட்டியிலிருந்த எலுமிச்சையைக் காட்டி யோசனை கேட்டார். அவருடைய பெண் பிறந்த வருஷத்தில் வைத்த மரம். பெண் விவாகமாகி வெளியூர் சென்றபின் அதன்மேல் அவருக்குப் பற்று அதிகமாயிருந்தது. இலைகள் மஞ்சளாயிருப்பதைக் கண்ட நான், தழைச்சத்துக் குறைவென்று தீர்மானித்து, அமோனியம் சல்பேட் ஒரு கைப்பிடி இட்டுத் தினந்தோறும் நீர் ஊற்றும்படி சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாட்களில் இலை முழுவதும் ஓரங்கருகிக் கொட்டிவிட்டது. ஒரு மாதங்கழித்துத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அடியிலிருந்த துவாரம் வேர்களால் கார்க்கு வைத்ததுபோல் அடைபட்டிருந்தது. கீழ்ப்பாதி மண் சாக்கடைபோல் நாறிற்று. அங்கிருந்த வேர்கள் யாவும் அழுகிப்போயிருந்தன. உண்ண வாயில்லாத மரத்துக்கு நான் விருந்து படைத்திருக்கிறேன். அப்பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அன்று முதல், தொட்டி மரம் எதுவாயினும் வேரைப் பாராமல் உரம் எழுதிக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தொட்டிக்குள் வேர் படும் பாடு

நிலத்திலுள்ள மரத்துக்கும் தொட்டியிலுள்ள மரத்துக்கும் ஒரு முக்கியமான பேதம் உண்டு. நிலத்தில் ஓரிடத்து மண்ணில் சத்தோ ஈரமோ குறைந்தால், வேர் அடுத்த இடத்துக்குப் போய்விடும். தொட்டியில் போக இடமில்லை. வேரின் நுனி தொட்டியின் சுவரைத் தொட்டதும் அதை ஒட்டியே வளைந்து சுற்றுகிறது. இரண்டு மூன்று வருஷங்களில் சுவரோரம் முழுவதும் பிரிமணைபோல் வேர்கள் பின்னிக்கொள்ளும். மண்ணின் இடத்தை வேரே அடைத்துக்கொள்வதால், நீரைப் பிடித்து வைக்க மண் இல்லை; காற்றுப் புகச் சந்தும் இல்லை. நீரையும் உப்புச்சத்துக்களையும் பெரும்பாலும் உறிஞ்சுவன வேரின் நுனியை அடுத்த இளம்பாகமும் அதன் மெல்லிய தூவிகளுமே. முற்றித் தடித்த வேர் மரத்தைத் தாங்கவும் உணவைச் சேமிக்கவுமே அதிகம் உதவும். ஆகவே தொட்டி நிறைய வேரிருந்தும் மரம் பட்டினி கிடக்கக்கூடும்.

இதனோடு மண்ணும் கெடுகிறது. தொட்டியிலிட்ட மக்கிய எருவானது மேலும் மக்கிக் கரைந்து, மண் வருஷந்தோறும் தாழ்ந்து இறுகுகிறது. மேல்மட்டம் மூன்று நான்கு அங்குலம் கீழிறங்கியிருப்பதைக் காண்பவர்கள், மேலே புது மண்ணைக் கொட்டி நிரப்பிவிடுகிறார்கள். இதனால் அடிமரத்தின் பட்டை மண்ணுக்குள் புதைந்து, ஈரத்தில் ஊறி, பைட்டாப்தோரா என்னும் பூசணத்துக்கு இடங்கொடுக்கிறது. எலுமிச்சை இனங்களில் அடித்தண்டிலிருந்து பிசின் வடிவதும் பட்டை அழுகுவதும் இந்தப் பூசணத்தால் வருவது. அடிமரம் மண்ணைச் சந்திக்கும் இடம் எப்போதும் வெளியில் தெரிந்துகொண்டிருக்கவேண்டும். ஒட்டுச்செடியாயின், ஒட்டிய இடம் மண்மட்டத்துக்கு நன்றாக மேலேயிருக்கவேண்டும்.

தொட்டி மரம் நெடுங்காலம் வாழாது என்று சொல்வாருண்டு. அது சரியன்று. பிரான்ஸ் தேசத்தில் வெர்சேல்ஸ் அரண்மனையிலே, 1684 முதல் 1686 வரை கட்டப்பட்ட பெரிய மண்டபமொன்றில், குளிர்காலத்தில் வைத்துக் காப்பதற்கென்றே ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை முதலிய மரங்களை மரப்பெட்டிகளில் வளர்த்துவருகிறார்கள். அவற்றில் சில இருநூறு வருஷங்களுக்கும் மேற்பட்டவை. அந்தப் பெட்டிகளின் விசேஷம் என்னவென்றால், பக்கப் பலகைகளைக் கழற்றி வேரைப் பார்க்கவும், வெட்டவும், மண்ணைப் புதுப்பிக்கவும் கூடும். ஐரோப்பியர் தம் வீட்டு வாயிலின் இருமருங்கும் தொட்டிகளில் வைக்கும் ‘பே’ என்னும் வாசனையிலை மரத்தையும் இம்மாதிரியே சில வருஷங்களுக்கொருமுறை மண் மாற்றிக் காப்பாற்றுகிறார்கள். (அது நமது கடைகளில் பிரிஞ்சி இலையென்று விற்கும் இமயமலைச் சாரல் மரத்தினின்று வேறானது. நம்முடையதில் அடியிலிருந்து நீளவாட்டில் மூன்று நரம்புகள் ஓடும்; அதில் நடுநரம்பு ஒன்றே.) மரத்தின் ஆயுளைக் குறைப்பது தொட்டியன்று, திறந்து பாராமையே.

நோயை அறிதல்

வெளுத்த இலையைக் கண்டவுடன் ஒரு முடிவுக்கு வரலாகாது. முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இளந்துளிர் வெளுத்து நரம்புகள் மாத்திரம் பச்சையாய் வலைபோல் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இலை சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கிடையே திட்டுத்திட்டாக மஞ்சள் விழுந்தால் துத்தநாகக் குறைவு. இவை புத்தகத்தில் உள்ளவை. நிலத்து மரத்துக்குப் பெரிதும் பொருந்துபவை. தொட்டி மரத்திலோ இம்மூன்று குறிகளும் சத்து இல்லாமையால் தோன்றுவதைவிட, உள்ள சத்தை எடுக்க வேருக்குச் சக்தியில்லாமையால் தோன்றுவதே அதிகம். ஆகையால் இலையைப் பார்த்தபின் தொட்டியைப் பார்க்கவேண்டும்.

நீரை ஊற்றினவுடன் அது சுவரோரமாக ஓடி, அரை நிமிஷத்தில் அடித்துவாரத்தின் வழியே வெளிவந்துவிட்டால், வேர்மண் கட்டியானது காய்ந்து சுருங்கிச் சுவரை விட்டு விலகியிருக்கிறது என்று அறியலாம். மேலே நனைந்ததுபோல் தோன்றினும் நடுவே ஒரு துளி ஈரமும் இராது. இதற்கு எதிராக, ஊற்றின நீர் கால்மணி நேரமாகியும் மேலே நின்றால், கீழே வழியடைத்திருக்கிறது. இவ்விரு தொல்லைகளிலும் இலை ஒன்றுபோலவே வாடும் என்பதைக் கவனிக்கவேண்டும். வேர் காய்ந்தாலும் அழுகினாலும் நீர் மேலே ஏறாது. பார்ப்பவருக்கு இரண்டும் தாகமாகவே தெரியும். அழுகும் மரத்துக்கு மேன்மேலும் நீர் ஊற்றப்படுவது இதனாலேயே.

மண்ணின் மேலும் தொட்டியின் வெளிப்புறத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக உவர் பூத்திருந்தால், ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். இலையின் நுனியும் ஓரமும் கருகுவது அதற்கு மற்றோர் அடையாளம்.

இலையில் வெள்ளிக்கம்பிபோல் நெளிந்த கோடுகளும், பறவை எச்சம்போன்ற புழுக்களும் காணப்படலாம். முன்னது இலையினுள்ளே குடையும் சிறு பூச்சியின் வேலை; பின்னது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு, வளர்ந்தபின் பச்சை நிறமாகும். தொட்டி மரத்தில் புழுக்களைக் கையால் பொறுக்கினாலே போதும். இவை மரத்தைக் கொல்பவை அல்ல. ஆனால் உடையவரின் கவனமெல்லாம் இவற்றின்மேல் போய், வேரின் நிலைமை மறக்கப்படுகிறது.

மரம் பிழைக்குமா என்பதை அறிய, காய்ந்ததாகத் தோன்றும் கிளையில் நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பார்க்கவும். உள்ளே பச்சையாயும் ஈரமாயுமிருந்தால் உயிர் உண்டு. நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கீறிக்கொண்டே வந்து, பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கே குறிவைத்துக்கொள்ளவேண்டும். அடிமரத்தைச் சுற்றிலும் பட்டை பழுப்பாகிவிட்டிருந்தால் முயற்சி வீண்.

அடியில் கற்கள் போடுவது பற்றி

தொட்டியின் அடியில் மூன்று நான்கு அங்குல உயரம் ஜல்லியோ செங்கல் துண்டோ போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது எங்கும் பரவியிருக்கும் நம்பிக்கை. நானும் அவ்வாறே கற்றேன். சில வருஷங்கள் அவ்வாறே கற்பித்தும் வந்தேன். அது தவறு. மண்ணின் நுண்ணிய சந்துகள், விளக்குத்திரி எண்ணெயைப் பிடித்துக்கொள்வதுபோல் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. கற்களுக்கிடையிலுள்ள பெரிய சந்துகளுக்கு அந்த இழுப்புச் சக்தி கிடையாது. ஆகையால் மண்ணின் அடிப்பாகம் முற்றிலும் ஊறி நிரம்பும்வரை நீர் கற்களுக்குள் இறங்காது. தொட்டியின் அடியில் இருக்கவேண்டிய ஊறல் மண், கற்களின்மேல் உட்கார்ந்துகொண்டு, வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிடுகிறது. கல்லடைத்த அளவுக்கு மண்ணும் குறைகிறது.

இதை வீட்டிலேயே பரீக்ஷித்துப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்றாய் நனைத்துப் படுக்கைவாட்டில் ஏந்தினால், சிறிது நேரம் சொட்டி நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடியும் நீர் சொட்டும். மண்ணும் அப்படியே: மண்ணின் உயரம் அதிகமாக ஆக நீர் நன்றாய் வடியும்; உயரத்தைக் கற்களால் குறைத்தால் வடிவது குறையும். ஆதலால் துவாரத்தின்மேல் மண் ஒழுகாதிருக்க ஓர் ஓட்டாஞ்சில்லைக் குப்புறக் கவிழ்த்தாலே போதுமானது. கற்களுக்குச் செலவிடும் சிரமத்தைத் துவாரத்தைப் பெரிதாக்குவதில் செலவிடலாம். ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டிக்குக் கட்டைவிரல் நுழையும் துவாரங்கள் நான்காவது வேண்டும். தொட்டியைத் தரையில் படிய வைக்காமல், மூன்று செங்கற்களின்மேல் தூக்கி வைக்கவேண்டும்.

காலமும் மண்ணும்

மண் மாற்றுவதற்குத் தகுந்த காலம், மரம் துளிர்விடுவதற்குச் சற்று முந்திய காலம். மழை ஓய்ந்து வெயில் ஏறாதிருக்கும் தை மாதம் நமக்கு மிகவும் ஏற்றது. அது தவறினால் ஆடிப்பெருக்குக்குப்பின் செய்யலாம். அக்கினி நட்சத்திரத்திலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் வேரில் கை வைக்கலாகாது. வேர் அழுகுவதாகத் தெரிந்த மரத்துக்கு மாத்திரம் இந்தக் காலக்கணக்கு இல்லை. தெரிந்த அன்றே தொட்டியைவிட்டு எடுக்கவேண்டும், நிழல் மட்டும் பலமாயிருக்கவேண்டும்.

மண்கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாய் மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்பது நாட்பட்ட கணக்கு. நான் இதையே கையாண்டு வருகிறேன். கரிசல் மண்ணும் ஏரி வண்டலும் வயலுக்கு எவ்வளவு உயர்ந்தவையோ, தொட்டிக்கு அவ்வளவு ஆகாதவை. ஈரத்தில் களியாகிக் காய்ச்சலில் பிளந்து வேரை அறுக்கும். சாணக்குப்பை கையில் எடுத்தால் சாணத்தின் வாடையில்லாமல் உதிரவேண்டும். மக்காத குப்பை தொட்டிக்குள் மக்கத் தொடங்கினால், சூடேறி வேரை வேகவைத்துவிடும். தென்னை நார்க்கழிவு சேர்க்க விரும்புவோர், அதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து சாயநீரை வடித்தபின் சேர்க்கவும். கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம்.

பெரிய தொட்டியாக வாங்கிவிட்டால் இனி மாற்றவேண்டியதில்லை என்று எண்ணி, எட்டங்குலத் தொட்டியிலிருந்த செடியை இரண்டடித் தொட்டியில் வைப்பது தவறு. சிறிய வேர் குடிக்க முடியாத நீரெல்லாம் சுற்றியுள்ள வெறும் மண்ணில் தேங்கிப் புளிக்கும். இருக்கிற தொட்டியைவிட மூன்று அல்லது நான்கு அங்குலம் அகலமானது போதும். அழுகல் கண்டு வேரில் பாதி போன மரமாயின், பெரிதாக்காமல் அதே அளவுத் தொட்டியிலோ, இன்னும் சிறியதிலோ வைப்பதே நல்லது. மெத்தைமாடியில் வைப்போர் பாரத்தையும் நினைக்கவேண்டும். இருநூறு லிட்டர்ப் பீப்பாயை இரண்டாக அறுத்த தொட்டி, ஈரமண் நிறைந்தால் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. சுவரின் மேலோ உத்தரத்தின் மேலோ வருமாறு வைக்கவேண்டும்.

செய்முறை

முதல்நாள் சாயங்காலம் மரத்துக்கு நன்றாய் நீர்விட்டு வைக்கவேண்டும். மறுநாள் வெயில் தாழ்ந்தபின் வேலையைத் தொடங்கலாம். புதிய மண், தொட்டி, கவாத்துக் கத்திரி, நனைத்த கோணி யாவும் கையருகே இருந்தாலன்றி மரத்தை எடுக்கலாகாது. சல்லிவேர் காற்றில் காய்வதற்கு அதிக நேரம் வேண்டாம்.

நீண்ட கத்தியைத் தொட்டியின் உட்சுவரோரம் விட்டுச் சுற்றிலும் அறுத்து, தொட்டியைச் சாய்த்து, ஒருவர் அடிமரத்தைப் பிடிக்க மற்றொருவர் தொட்டியின் விளிம்பை மரக்கட்டையால் தட்டினால் கட்டி கழன்றுவரும். மரத்தை மாத்திரம் பிடித்து இழுத்தால் சல்லிவேர்கள் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். மண்தொட்டியாயின் உடைத்துவிடுவதில் நஷ்டம் குறைவு. விலை கொடுத்த தொட்டியென்று பார்த்து மரத்தைக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

வெளியில் எடுத்த கட்டியை நனைந்த கோணியின்மேல் கிடத்தி, வேரை நிதானமாய்ப் பார்க்கவேண்டும். நல்ல வேர் வெளுப்பாகவோ இளமஞ்சளாகவோ, வளைத்தால் ஒடியாமல் உறுதியாயிருக்கும். அழுகிய வேரை இரு விரல்களால் பிடித்து இழுத்தால், மேற்பட்டை உறைபோல் கழன்று கையோடு வந்து, நடுவே நூல்போன்ற நரம்பு மாத்திரம் நிற்கும். அப்படிப்பட்டவற்றை நல்ல வேர் தென்படும் இடம்வரை வெட்டிவிடவேண்டும்.

பிரிமணையாய்ச் சுற்றிய வேரை விரலாலும் கூர்மழுங்கிய குச்சியாலும் கூடியமட்டும் பிரித்துவிடவேண்டும். பிரிக்கமுடியாதபடி பின்னியிருந்தால், கூரிய கத்தியால் கட்டியின் சுற்றுப்புறத்தில் ஓரங்குலமும், அடியில் ஒன்றரை அங்குலமும் சீவிவிடலாம். மரத்தின் உடையவர்கள் இந்த இடத்தில்தான் பயப்படுகிறார்கள். வேரை வெட்டினால் மரம் செத்துப்போகாதா என்று கேட்கிறார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் வேரை அப்படியே புதிய மண்ணில் வைத்தால், பழைய வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். புதிய மண்ணுக்குள் போகாது. வெட்டின வாயிலிருந்துதான் புதிய சல்லிவேர்கள் வெளிநோக்கிக் கிளம்பும். ஆயினும் மொத்த வேரில் மூன்றிலொரு பங்குக்குமேல் நல்ல வேரை ஒரே சமயத்தில் வெட்டலாகாது. கட்டியின் நடுப்பாகத்து மண்ணை உதிர்க்கவேண்டியதுமில்லை. கட்டி நடுவே காய்ந்து கல்போலிருந்தால், ஒரு வாளி நீரில் முழுக வைத்து, குமிழிகள் வருவது நிற்கும்வரை ஊறவிட்டு எடுக்கவும்.

பின்பு ஓட்டாஞ்சில்லின்மேல் நேராகவே கலவை மண்ணைப் போட்டு, பழைய மண்மட்டம் புதிய தொட்டியின் விளிம்புக்கு இரண்டங்குலம் கீழே வருமாறு மரத்தை நிறுத்தி, சுற்றிலும் மண்ணைக் கொஞ்சங்கொஞ்சமாய் இட்டுக் குச்சியால் குத்திச் சந்தில்லாமல் நிரப்பவேண்டும். காலால் மிதிப்பதும் திமிசு போடுவதும் கூடாது. மண்மட்டம் முன்னிருந்ததைவிட உயரக்கூடாது என்பதை மறுபடியும் சொல்லுகிறேன். பூவாளியால் நீர் விட்டு, கீழே வடியும்வரை விட்டபின், மண் தாழ்ந்த இடங்களை நிரப்பவேண்டும்.

காய்ந்த கிளைகளை முன்பு குறித்த பச்சைப்பாகத்துக்குச் சிறிது கீழே வெட்டவும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் முளைகளை அடியோடு கிள்ளிவிடவும். இருக்கிற காய்களையும் பறித்துவிடவேண்டும். நோயாளி சுமை தூக்கலாகாது. பசுமையான கிளைகளை வேருக்கு ஈடாக அதிகமாய்க் கழிப்பதை நான் நிறுத்திவிட்டேன். புதிய வேர் உண்டாவதற்கு வேண்டிய உணவு இலையில்தான் தயாராகிறது.

கட்டைவிரலுக்கு மேற்பட்ட தடிப்புள்ள வெட்டுவாய்களுக்கும், பிசின் கண்ட பட்டையைச் சுரண்டிய இடத்துக்கும் போர்டோ பசை தடவவேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் நீற்றின சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் ஒன்றாய்க் கலந்தால் பசை தயார். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்திலேயே கரைக்கவேண்டும், இரும்பு ஆகாது. பளபளப்பான கத்தியலகை அதில் சிறிது நேரம் நனைத்துப் பார்க்கவும். அலகில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை; இன்னும் சேர்க்கவேண்டும்.

பின்பராமரிப்பு

முதல் மூன்று வாரம் மரம் கிழக்கு வெயில் மாத்திரம் படும் நிழலில் இருக்கவேண்டும். சில இலைகள் உதிரும். அதைக் கண்டு மனந்தளர்ந்து உரத்தை எடுக்கவேண்டாம். வெட்டுப்பட்ட வேருக்கு உப்புரம் புண்ணில் இட்ட காரம் போன்றது. புதிய துளிர் கிளம்பி இலை பிரியும்வரை, ஏறக்குறைய ஆறு வாரம், எந்த உரமும் வேண்டியதில்லை.

நீர் விடுவதற்கு நாள் கணக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. விரலை மண்ணுக்குள் இரண்டங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால், அடியில் வடியும்வரை விடவேண்டும், ஈரமிருந்தால் விடக்கூடாது. தினந்தோறும் ஒரு சொம்பு நீர் என்ற வழக்கம் மேல்மண்ணை மாத்திரம் நனைத்து, கீழ்வேரைக் காயவைக்கும். வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடலாகாது. மேற்கு வெயில் நேராகத் தாக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில், வெயில்படும் பக்கத்து வேர்கள் வெந்துவிடுகின்றன. அங்கே ஒரு கோணியைத் தொங்கவிடவும். அல்லது அந்தப் பக்கத்தில் வேறு சிறு தொட்டிகளை நெருக்கி வைக்கவும்.

துளிர் முற்றியபின் மக்கிய எருவும், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் இட்டுக் கிளறலாம். அப்போதும் துளிர்களில் துத்தநாகக் குறைவின் குறி நீடித்தால், லிட்டருக்கு 5 கிராம் வீதம் துத்தநாக சல்பேட்டை, சிறிது சுண்ணாம்புத் தெளிநீருடன் கரைத்து இலையில் தெளிக்கவும். வேர் தேறியபின் தெளிப்பது பலிக்கும். அதற்கு முன் தெளிப்பது கடையிலிருப்பவருக்கே லாபம்.

உவர் பூத்த தொட்டிகளுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. தொட்டியின் கொள்ளளவுபோல் மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக விட்டுக் கழுவி வடிக்கவேண்டும். 20 லிட்டர்த் தொட்டிக்கு 60 லிட்டர். துவாரம் அடைபடாத தொட்டிக்கே இது பொருந்தும். கூரையில் விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதையே விட்டாலும் உவர் ஏறுவது மட்டுப்படும்.

சென்ற சில வருஷங்களில் நான் இம்முறையில் கையாண்ட மரங்கள் எல்லாம் பிழைத்துவிட்டன என்று சொல்லமாட்டேன். காய்ந்து சுருண்டவை பெரும்பாலும் தேறின. அழுகியவற்றில் பாதிக்குமேல் போயின. ஒரு மிராசுதாரர் வீட்டில் அரைப்பீப்பாயிலிருந்த மரம், தை மாதத்தில் வேர் சீவி வைத்தபின் ஐந்து வாரம் மரக்கட்டைபோல் நின்று, ஆறாவது வாரத்தில் அடிக்கிளையில் மாத்திரம் துளிர்த்தது. மறுவருஷம் பூவைக் கிள்ளிவிடச் சொன்னேன். அவர் கிள்ளவில்லை, ஆயினும் காய்த்தது. இரண்டு அல்லது மூன்று வருஷங்களுக்கொருமுறை இவ்வேலையைத் திரும்பவும் செய்யவேண்டும். தொட்டி தூக்கமுடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டபின், வேரைச் சீவிப் புதுமண்ணோடு அதே தொட்டியில் வைத்துவிடலாம்.

நாற்றுப் பைகளைக் குறித்து

இதுவரை சொன்னவை ஓரிரண்டு மரங்களைப் பற்றியவை. ஆனால் இதே கேடு, ஏக்கர் கணக்கில் எலுமிச்சை வைக்கும் விவசாயிகளையும் மறைவாய்ப் பாதிக்கிறது. பாலிதீன் பையும் ஒரு தொட்டியே. விநியோகத்துக்காக வந்திறங்கிய கன்றுகள், பட்டியல் தயாராகவில்லை, மழை வரவில்லை, ஆள் வரவில்லை என்று ஆறு மாதம் எட்டு மாதம் அலுவலக முற்றத்திலேயே கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குள் ஆணிவேர் பையின் அடியில் கொக்கிபோல் வளைந்து சுற்றிவிடுகிறது. நட்ட முதலிரண்டு வருஷம் குற்றம் தெரியாது. அடிமரம் பருக்கும்போது, சுற்றிய வேரும் பருத்து, கயிறுபோல் அதன் கழுத்தையே நெரிக்கத் தொடங்குகிறது. ஐந்தாறு வருஷம் நீரும் எருவும் கூலியும் செலவிட்டபின், காய்க்கவேண்டிய சமயத்தில் மரம் மஞ்சளித்துப்போகும். அல்லது காற்றில் வேரோடு சாயும். விவசாயி மண்ணை நோவார், தண்ணீரை நோவார். பையில் கிடந்த மாதங்களை எண்ணமாட்டார்.

ஆகையால் கன்று வாங்குவோர், பத்தில் ஒன்றையாவது பையைக் கிழித்து அடிவேரைப் பார்த்தே வாங்கவேண்டும். பையைத் துளைத்துத் தரையில் வேரோடிய கன்றும், தூக்கினால் மண் உதிராமல் உருண்டையாய்க் கெட்டிப்பட்ட கன்றும் ஆகாதவை. வேறு வழியின்றி நடநேர்ந்தால், பையை முற்றிலும் நீக்கி, அடியில் வளைந்த பாகத்தை அறுத்தெறிந்து, கட்டியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் அரையங்குல ஆழம் கத்தியால் கீறிவிட்டு, 75 சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியில், மேல்மண்ணும் எருவும் நிரப்பி நடவேண்டும். பையோடு நடுவதைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கூலியாட்கள் அவசரத்தில் அப்படியும் செய்துவிடுகிறார்கள், உடையவர் கூட நிற்கவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களை நான் கேட்டுக்கொள்வது இது: கன்றுகள் வந்திறங்குமுன்பே குழிவெட்டியவர்களின் ஜாபிதா கையிலிருக்கட்டும். குழி வெட்டாதவருக்குக் கன்று கொடுப்பதைவிட, வெட்டியவருக்கு இரண்டு சேர்த்துக் கொடுப்பது மேல். இரண்டு மாதத்துக்குமேல் தங்கிவிட்ட கன்றுகளை, வரிசையாய்த் தரையில் வைக்காமல், பலகையின் மேலோ கம்பிவலையின் மேலோ தூக்கி வைத்தால், வெளியே நீட்டும் வேர் காற்றுப்பட்டு நின்றுவிடும், தரைக்குள் ஓடாது.

பிழைக்காதென்று தெரிந்த மரத்தையும் வெறுமனே எறிந்துவிடவேண்டாம். பழம் நல்லதாயிருந்தால், அதன் விதைகளை உலர்த்தாமல் உடனே விதைக்கவும். எலுமிச்சையின் ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று முளைகள் கிளம்புவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் குணத்தையே கொண்டிருக்கும். காய்ப்புக்கு வர நான்கைந்து வருஷமாகும். அதுவரை பொறுக்க இயலாதவர், மரத்தில் ஒரு கிளையாவது பசுமையாயிருக்கும்போதே, விரல் தடிப்புள்ள இடத்தில் ஓரங்குல அகலம் பட்டையை வளையமாய் எடுத்து, ஈர நார் வைத்துப் பாலிதீனால் கட்டி, பதியன் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் நாரின் ஊடே வெள்ளை வேர்கள் தெரியும்போது, கட்டுக்குக் கீழே அறுத்து, எட்டங்குலத் தொட்டியில் வைக்கவும்.